முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தம்புள்ளை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. எல்லாரும் வான் பிடித்துத் தம்புள்ளைக் குகை விகாரைக்குப் போக ஆசை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அவரால் ஏற முடியுமா? ஒரே நாளில் போய் வரலாமா? நாங்கள் சைவர்கள், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?"

அம்மா ஏறலாம் சகோதரி. ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

கொழும்பிலிருந்து தம்புள்ளை சுமார் 150 கிலோமீற்றர். குருநாகல் வழியாக வானில் நாலு மணித்தியாலம் பிடிக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் மலையடியில் போய் இறங்குவீர்கள். படிகள் 300க்கு மேல். நின்று நின்று ஏறினால் அரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம், அது பெரிய விசயமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியபின் இருக்கிற, வெயிலில் சுடும் வெறும் பாறைதான் ஆளை வதைப்பது. ஒருமுறை மதியம் ஒரு மணிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன். அதிலிருந்த பாட்டி நாலு அடி வைத்ததும் நிற்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தவித்தார். பேரன் தன் துவாயை விரித்துப் போட்டுப் போட்டுத்தான் அவரை நிழலுக்குக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு வயதானவர்களை நான் காலையில் மட்டும்தான் கூட்டிப்போகிறேன்.

அதனால் முதல்நாள் போய்த் தம்புள்ளையிலேயே தங்குங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் படியேறத் தொடங்குங்கள். அம்மாவுக்குத் தடித்த காலுறை ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள், காலுறையோடு உள்ளே போகலாம். அண்ணா குடும்பம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தால் அவர்களுக்கு டிக்கெட் வேண்டும். அதைக் கீழேயே வாங்கிவிடுங்கள். மேலே போய்த்தான் தெரிந்துகொண்டு, திரும்ப இறங்கி ஏறியவர்கள் பலர். நீங்கள் உள்நாட்டவர் என்று காட்ட அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

கொழும்பில் மே, ஜூனில் கொட்டுகிற மழையைப் பார்த்துப் பலர் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். அந்தத் தென்மேற்குப் பருவமழை தம்புள்ளைப் பக்கம் பெரிதாக எட்டாது. ஆகஸ்டில் அங்கே வறட்சிதான், தண்ணீர்ப் போத்தல் கூடுதலாக வேண்டும். நிகினி போயா (ஆகஸ்ட் பௌர்ணமி) அன்று மட்டும் போகாதீர்கள், அன்று சனம் நெருக்கும்.

உடை சைவக் கோயிலுக்குப் போவது போலத்தான்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். கனடாப் பிள்ளைகளுக்கு இரண்டு விசயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக்கூடாது. உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் அதை வெளியே காட்டக்கூடாது. 2014இல் கையில் அப்படிப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். பிளாஷ் போட்டும் படம் எடுக்க வேண்டாம், சுவரோவியங்கள் பழுதாகும். கையில் சாப்பாட்டுப் பை தொங்கினால் குரங்கு பறித்துவிடும். அதை வானிலேயே வைத்துவிடுங்கள்.

குகைகள் ஐந்து. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் எதிரிகளுக்குத் தப்பி இங்கே ஒளிந்திருந்தான், ஆட்சி திரும்பக் கிடைத்ததும் கோயிலாக்கினான் என்பது வழிவழி வந்த கதை. ஐந்தையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். முதல் குகையில் பாறையோடு சேர்த்துச் செதுக்கிய 14 மீற்றர் நீளச் சயனப் புத்தர் இருக்கிறார். உள்ளே இடம் ஒடுக்கம், சிலையை முழுதாகப் பார்க்கவே முடியாது. பாதத்தடியில் போய் நில்லுங்கள். சிவப்புப் பூசிய உள்ளங்கால்களை அங்கேதான் கிட்டத்தில் பார்க்கலாம்.

அப்புறம் இரண்டாவது குகை. எல்லாவற்றிலும் பெரியது. என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இங்கேயே செலவழியுங்கள். கூரை முழுக்க ஓவியம், பாறை எப்படி மேடுபள்ளமாகப் போகிறதோ அப்படியே ஓவியமும் வளைந்து போகும், துணிப் பந்தல் கட்டியது போல இருக்கும். ஓரிடத்தில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கம்பித் தடுப்புக்குள் ஒரு பாத்திரம் வைத்து அதைப் பிடிக்கிறார்கள், பூசைக்கு எடுப்பதற்காக. கடும் வறட்சியிலும் வற்றாது என்பார்கள். பேச்சை நிறுத்தினால் சொட்டு விழும் சத்தம் கேட்கும். அதே குகையில் புத்தர் சிலைகளோடு விஷ்ணுவும் இருக்கிறார். அம்மாவை அவர் முன்னால் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், நம்மவர்கள் கைகூப்புவதை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

சிகிரியாப் பாறைக்கோட்டையை அதே நாளில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆசை என்றால் இன்னோர் இரவு தங்கி, மறுநாள் விடியலில் அவர்களை மட்டும் அனுப்புங்கள். அங்கே படிகள் சுமார் 1,200, அம்மாவுக்குச் சரிவராது.

முழங்கால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கூட வலிக்கும். ஒரு கையில் தடி இருக்கட்டும். படிக்குக் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வராதீர்கள், ஒரு படி முன்னால் இறங்குங்கள். கால் தடுமாறினால் அம்மா உங்கள் தோளைப் பிடித்துக்கொள்ளலாம்.