காது மிஷினோடு வெளியூர்: கேளுங்க, சொல்றேன்

ஈரோட்டில் காது மிஷின் பொருத்திக் கொடுக்கிற வேலை எனக்கு. லீவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிஷினைக் கழற்றினால் டப்பாவில் போடுங்கள், சட்டைப்பையில் போடாதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: அப்பாவை கோவையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் கூட்டிப் போறோங்க. சோதனையில் மிஷினைக் கழற்றணுமா?

வேண்டாங்க. போட்டபடியே மெட்டல் டிடெக்டருக்குள் நடக்கலாம், பீப் அடித்தால் காதைக் காட்டிச் சொன்னால் போதும். கழற்றி பெல்ட், போனோடு தட்டில் வைத்தால்தான் தொலையும். மாற்று பேட்டரி, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. புளூடூத் மிஷின் என்றால் ஃப்ளைட் மோடு போடுங்கள். வயர்லெஸ் மட்டும்தான் நிற்கும், அப்பாவுக்குக் காது வழக்கம்போலக் கேட்கும்.

கோபியிலிருந்து: பேட்டரி ஸ்டிக்கரை முன்னாடியே உரித்து வைத்துக்கலாமா?

கூடவே கூடாது. அது காற்று பட்டால் வேலை செய்கிற ஜிங்க்-ஏர் பேட்டரி. உரித்த நிமிஷமே தீர ஆரம்பிக்கும், திரும்ப ஒட்டினாலும் பெரிய பிரயோஜனமில்லை. தேவைப்படும்போது உரித்து, ஒரு நிமிஷம் விட்டு மிஷினில் போடுங்கள். ஸ்டிக்கர் நிறம்தான் பேட்டரி சைஸ்: மஞ்சள் என்றால் 10, பிரவுன் 312, ஆரஞ்சு 13, நீலம் 675. போகிற ஊர் மெடிக்கலில் கிடைக்கும் என்று நம்பி வால்பாறை ஏறாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து: ஊட்டி போனாலே விசில் அடிக்குதுங்க. குளிரா?

குல்லா. மிஷினில் இருக்கிற மைக்கை மூடுகிறது, வெளியே கசியும் சத்தம் அதற்குள்ளேயே திரும்பிப் போகிறது. காதுக்கு மேலே கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள்.

கரூரிலிருந்து: பஸ்ஸில் கழற்றி வைப்பதுதான் நல்லது. இரைச்சலில் தலைவலி வருது.

ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது எப்படிக் கேட்கும்? நம் பஸ்ஸில் பெரும்பாலும் இன்ஜின் முன்னால்தான், அதன் பக்கத்து சீட்டை விடுங்கள், தலைக்கு மேல் ஸ்பீக்கர் இருக்கிற சீட்டையும். ஜன்னல் காற்று நேரே மைக்கில் அடித்தாலும் இரைச்சல்தான்.

கரூர் மறுபடி: சீட்டே கிடைக்காத பஸ்ஸில் எந்த சீட்டைத் தேர்ந்தெடுக்கிறதுங்க? தினமும் போறவன் நான்.

தாராபுரத்திலிருந்து: கரூர்க்காரர் சொல்றது சரி. நானும் கழற்றிப் பையில் போட்டுக்குவேன்.

எந்தப் பை? சட்டைப்பைதானே! குனிந்தால் விழும், வேர்வையும் ஏறும். சத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இரைச்சலுக்கான புரோகிராம் வைத்துத் தரச் சொல்லுங்கள். தினமும் தலைவலி என்றால் செட்டிங்கில் கோளாறு இருக்கலாம், கரூர்க்காரரே, மிஷினை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து: கொடிவேரி அணையில் மிஷின் நனைந்துவிட்டால் அரிசிக்குள் போடலாமா?

அரிசித் தூசு துவாரத்தை அடைக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு, துடைத்து, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

சத்தியிலிருந்து: ஏர்போர்ட்டில் கழற்றணுமா?

முதல் பதிலைப் படிங்க.

அவிநாசியிலிருந்து: பழனியில் மொட்டை போடும்போது?

உட்காரும் முன்பே கழற்றி, டப்பாவில். டப்பாவில்ங்க!

பெருந்துறையிலிருந்து: அம்மாவுக்குக் காதில் சீழ் வருது, நாளைக்குக் கிளம்பறோம்.

அந்தக் காதில் மிஷின் போடாதீர்கள். இன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.