பாட்டுச் சண்டையும் ஆராதனையும்

கேள்வி: எங்கள் சபையில் கீர்த்தனை வேண்டும் என்று ஒரு கூட்டம், கிட்டார் வேண்டும் என்று ஒரு கூட்டம். வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?
- வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, வீட்டில் ஜெபியுங்கள், ஆனால் ஆராதனையை விட்டுவிடாதீர்கள். அது நம் ரசனைக்காக நடப்பதில்லை, தேவனை மகிமைப்படுத்தத்தான் கூடுகிறோம், அதைப் பக்கத்தில் இருப்பவரை ஒதுக்கிவிட்டுச் செய்யவே முடியாது. ஆதிக் காலத்துக் கொரிந்து சபையில் இயேசுவை நினைவுகூரும் விருந்துக்குக் கூடியபோது சிலர் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று அப்போஸ்தலன் பவுல் கண்டித்து எழுதினார். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு.

நம் பக்கத்தையே பாருங்களேன். 1853-ல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகள், முறைமை வேறான ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்துதான் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு 1947 செப்டம்பர் 27-ல்தான் நிறைவேறியது, 28 வருஷம்! சபையைப் பேராயர் (பிஷப்) நடத்தும் முறை வேண்டுமா என்பதிலேயே எத்தனை வாக்குவாதம், ஆனாலும் பேச்சை விட்டு எழுந்து போய்விடவில்லை.

சரி, இந்த ஞாயிறு கிட்டார் கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பாட்டையும் வாய்விட்டுப் பாடுங்கள், அப்புறம் வெளியே வந்து நலம் விசாரியுங்கள்.