மரத்துக்குத் தேமல் வந்துவிட்டதா?

கேள்வி: எங்கள் பேரி மரத்தின் அடியில் பச்சைப் பாசி. மேலே கிளையெல்லாம் தேமல் மாதிரி சாம்பல் திட்டுகள். மரமும் முன்போல் தழைப்பதில்லை. சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார் மாமனார். கோவையில் அக்கா வீட்டு மாமரத்தில் இப்படி எதுவும் இல்லையே, ஏன்?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: முதலில் சுண்ணாம்பு வாளியைக் கீழே வையுங்கள். அந்தத் திட்டுகள் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைத்துப் போடும். வேர் கிடையாது, மரத்தின் சாற்றில் ஒரு சொட்டு எடுக்காது. உங்கள் அஞ்சறைப் பெட்டியில் கறுப்பும் சாம்பலுமாய்ச் சுருண்டு கிடக்கிறதே கல்பாசி, அதுவும் லைக்கன்தான்.

மரம் தழைக்காததற்குக் காரணத்தை வேரிலோ மரத்தின் வயதிலோ தேடுங்கள். இலை குறைந்தால் கிளையில் வெயில் விழும். வெயில் விழுந்தால் லைக்கன் பரவும். நாம் அதைத் திருப்பிப் போட்டு, லைக்கன் வந்ததால் இலை கொட்டியது என்கிறோம். நானும் அப்படி நம்பி ஓர் ஆரஞ்சு மரத்தைக் கத்தியால் சுரண்டியிருக்கிறேன். பட்டையில் காயம் விழுந்ததுதான் மிச்சம்.

அடிமரத்துப் பச்சை வேறு ஆள். அது மாஸ் (moss) என்கிற குட்டிச் செடி. நிழலும் ஈரமும் வேண்டும். மரம் சாய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறதோ, அந்தத் தடத்திலேயே மெத்தை போடும்.

பட்டையும் முக்கியம். கொய்யாவும் தைலமரமும் பட்டையை உரித்துக்கொண்டே இருப்பதால் எதுவும் அதிகம் தங்காது. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கைப் பாருங்கள், சொரசொரப்பான பட்டையில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும்.

சரி, அக்கா வீட்டு மாமரம். குன்னூர் மூடுபனி அங்கே இல்லை, காற்றே காய்ந்தது. அப்புறம் வண்டிப் புகை. வேரில்லாத லைக்கன், காற்றிலும் மழையிலும் வருவதை வடிகட்டாமல் உறிஞ்சுகிறது. கந்தகப் புகை பட்டால் பல வகைகள் செத்துவிடும். 1866-லேயே நைலாண்டர் என்ற ஃபின்லாந்து அறிஞர் இதைக் கவனித்தார். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இருந்த லைக்கன்கள் நகரத்தின் மற்ற பகுதிகளில் இல்லை. அதனால் உங்கள் மரத்துத் திட்டுகளைப் பார்த்து நான் பொறாமைதான் படுவேன்.

மழையில்லாத நாளில் ஒரு திட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிஷம் பாருங்கள். சாம்பல் பச்சையாகும். மேல்தோல் நனைந்து, உள்ளே இருக்கும் பாசி வெளியே தெரிகிறது. மாமனாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.