இந்தோனேசியாவில் அடிக்கடி எரிமலை வெடிக்கிறது. 1815-ல் மட்டும் உலகமே குளிர்ந்தது ஏன்?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "இப்போது அப்படி ஒன்று வெடித்தால் புவி வெப்பமாதல் தீர்ந்துவிடுமா?" ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கரும்புகை, பின்னால் டமடமவென்று மியூசிக், "சூரியனையே மறைத்த சாம்பல்" என்று தலைப்பு. சாம்பல் மறைத்ததால்தான் குளிர்ந்தது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. அந்தச் சாம்பலை மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டியவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புவியியல் படித்தவன் இல்லை. டெக்ஸ்டைல் டிப்ளமா. மத்திய ஜாவாவில் சோலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தேன். மில்லுக்காரனுக்கு எரிமலையைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதப் போகிறவர்கள், முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

2014 பிப்ரவரி 13 இரவு கிழக்கு ஜாவாவில் கெலூட் எரிமலை வெடித்தது. எங்கள் இடத்துக்கும் அதற்கும் 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நைட் ஷிப்டில் மெஷின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன், எங்கோ தொம் தொம் என்று கேட்டதாகச் சொன்னார். விடிவதற்குள் சாம்பல் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

நூற்பாலையில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் என்று ஒன்று உண்டு. வெளிக்காற்றை இழுத்து, தண்ணீர்த் தூவலில் ஈரப்படுத்தி, ரிங் ஃப்ரேம் என்ற நூல் நூற்கும் மெஷின்கள் ஓடும் ஹாலுக்கு அனுப்பும். அன்று அது சாம்பலையும் சேர்த்து இழுத்துவிட்டது. ஃபில்டரில் சாம்பல் நிறக் களி. தூவல் நாசில் எல்லாம் அடைத்துக்கொண்டது. வெளிக்காற்று நுழையும் கதவான டேம்பரை மூடினால் ஹாலில் ஈரப்பதம் இறங்குகிறது, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. திறந்தால் நூலெல்லாம் அழுக்கு. வேறு வழியில்லாமல் ஓட்டத்தை நிறுத்தினோம்.

வெளியே போய்ப் பார்த்தால் வேப்பமரத்திலிருந்து பைக் வரை எல்லாம் ஒரே நிறம். அது நம் அடுப்புச் சாம்பல் இல்லை. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறக்கும். பொடியான பாறையும் கண்ணாடியும். எங்கள் ஆள் ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவப் போனார், உள்ளூர் ஆப்பரேட்டர்கள் ஓடி வந்து தடுத்தார்கள். தண்ணீர் பட்டால் சிமெண்ட் மாதிரி இறுகி, சாக்கடையை அடைத்துவிடுமாம். காய்ந்த நிலையிலேயே கூட்டிச் சாக்கில் கட்டினார்கள். யோக்யகர்த்தா, சோலோ, சுரபாயா விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். போரோபுதூர் கோயிலைப் பிளாஸ்டிக் விரித்து மூடினார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவ்வளவு சாம்பல் கொட்டியும் அந்த வருடம் உலகம் குளிர்ந்ததா? 2014-தான் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு. சாம்பல் கனமானது, நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். குளிர்விப்பது கந்தகம். சல்பர் டை ஆக்சைடு வாயு மழைமேகங்களுக்கும் மேலே, ஸ்ட்ரேட்டோஸ்பியர் வரை போய்விட்டால், அங்கே கழுவி இறக்க மழை கிடையாது. அது மெல்ல கந்தக அமிலத் துளிகளாக மாறி ஓரிரு வருடம் மிதக்கும், வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெடித்தால் இரண்டு அரைக்கோளத்துக்கும் பரவும்.

கெலூட்டும் அந்த உயரத்துக்குப் போனதுதான். ஆனால் அதன் கந்தகம் 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ கக்கியதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். 1980-ல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையே பாதி சரிந்த மாதிரி வெடித்தது, உலக வெப்பநிலையில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. 1982-ல் மெக்சிகோவின் எல் சிச்சோன் ஏறக்குறைய அதே அளவு வெடிப்புதான், கந்தகம் பல மடங்கு. அதன் தாக்கம் அளவிடும்படி இருந்தது.

இனி 1815. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை. ஏப்ரல் 5 அன்று முதல் பெரிய வெடிப்பு. அப்போது ஜாவா ஆங்கிலேயர் கையில், ராஃபிள்ஸ் நிர்வாகி. சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்து யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவையே கிளப்பிவிட்டார்கள். ஏதோ கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று கடலோரத்தில் படகுகளும் போயின. ஏப்ரல் 10-ல்தான் உச்சம். சுமார் 4,300 மீட்டர் இருந்த மலை 2,850 மீட்டராகக் குறைந்தது. ராஃபிள்ஸ் அரிசியோடு அனுப்பிய ஓவன் பிலிப்ஸ் என்ற அதிகாரி, வழியெல்லாம் பிணங்களையும் காலியான ஊர்களையும் கண்டார். அந்தத் தீவிலேயே இருந்த சங்கார் என்ற சிற்றரசின் அரசருடைய சொந்த மகளே பட்டினியால் இறந்திருந்தாள். வெடிப்பில் இறந்தவர்களைவிட, வயல் மூடிப்போய்ப் பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் பல மடங்கு. வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை, நேரே ஐரோப்பாவுக்குப் போய்விடுவார்கள்.

சாம்பலின் வேலை அந்தத் தீவுகளோடு முடிந்தது. மேலே போன கந்தகம் மட்டும் கிட்டத்தட்ட 6 கோடி டன் சல்பர் டை ஆக்சைடு, பினாடுபோவைப் போல மூன்று மடங்கு. அடுத்த வருடம் 1816 ஜூனில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கியூபெக்கிலும் பனி விழுந்தது. சுவிட்சர்லாந்திலும் தெற்கு ஜெர்மனியிலும் மழை விடாமல் பெய்து பயிர் அழுகி, ரொட்டி விலை ஏறிக் கலவரம். சீனாவின் யுன்னானில் நெல் பொய்த்துப் பஞ்சம். இத்தனைக்கும் உலகச் சராசரி இறங்கியது அரை டிகிரி அளவுதான். சராசரி அப்படி, ஓர் ஊரின் ஜூன் மாதம் அப்படி இருக்காது.

"1809-லேயே இன்னொரு பெரிய வெடிப்பு நடந்திருக்கிறதே, சூரியனும் அப்போது மந்தமாகத்தானே இருந்தது, எல்லாப் பழியும் தம்போரா மேலேயா?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். சரிதான். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியைத் துளைத்து எடுத்தால் 1809-க்கான கந்தகப் படிவு இருக்கிறது, எந்த மலை என்றுதான் தெரியவில்லை. ஏற்கெனவே குளிர்ந்திருந்த உலகத்தின் மேல் தம்போரா வந்து விழுந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்கிறேன்.

நிற்க. கெலூட்டால் மில் நின்ற நாட்களை எங்கள் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? இந்தியாவிலிருந்து போன ஸ்டாஃப் எல்லாரின் வருடாந்திர லீவில் கழித்துவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூரையில் ஏறிச் சாக்கு கட்டியதெல்லாம் லீவாம்! ஹெச்.ஆரில் கேட்டால், உற்பத்தி இல்லாத நாள் வேலை நாள் ஆகாது என்றார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வர முடியாமல் போனது அதனால்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக உங்கள் இரண்டாவது வரி. தீராது. பினாடுபோ உலகத்தை அரை டிகிரி போலக் குளிர்வித்தது. சில வருடங்களில் துளிகள் இறங்கிவிட்டன, வெப்பநிலை பழைய பாதைக்கே திரும்பியது. நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு அப்படி இறங்காது, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். போதாக்குறைக்கு, நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால் பருவமழை பலவீனமாகும். தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கிற நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு தம்போரா வரட்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள்.