குழந்தை பிறந்ததும் வேலையை விடுவது பெண்களின் சொந்த முடிவுதானே?

சொந்த முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அங்கே கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இங்கே கூலி ஷிப்ட் கணக்கு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. கைக்குழந்தைக்காரிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள், வீட்டில் அம்மாவோ மாமியாரோ திடமாக இருப்பவர்கள்தான். மற்றவர்கள் ஒரு ஷிப்டோடு கிளம்பிவிடுவார்கள். அங்கன்வாடி அதற்கு முன்பே மூடியிருக்கும். சூப்பர்வைசர் பொறுப்புக்கு ஆள் தேடும்போது, "அவங்க நேரமே போயிருவாங்க" என்று அவர்கள் பெயரை ஒதுக்கிவிடுவார்கள். அப்பாக்களின் ஷிப்டோ குழந்தை பிறந்தபின் கூடும்; குறைந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒருவரைத் தவிர. மனைவி வேறு கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கட்டும் என்று அந்த டெய்லர் அண்ணன் ஐந்தரைக்கே கிளம்புவார். "பொண்டாட்டி சம்பாதிக்கறா, இவன் புள்ள தூக்கறான்" என்று அவர் காதுபடவே பேசுவார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனை ஆண்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்!

வீட்டில் போடும் கணக்கு இன்னும் மோசம். "உன் சம்பளம் புள்ளையப் பாக்கறவங்களுக்கே போயிரும், அப்புறம் எதுக்கு வேலை?" பிள்ளை இருவருக்கும் பொது, பார்த்துக்கொள்ளும் செலவை மட்டும் அவள் கூலியில் கழிக்கிறார்கள். மிச்சம் ஒன்றும் நிற்காது. அப்போது "நான் நின்னுக்கறேன்" என்று அவளே சொல்கிறாள். அதைத்தான் நாம் சொந்த முடிவு என்கிறோம். பி.எஃப். நின்றுபோவதையும், சில வருஷம் கழித்துத் திரும்பினால் மறுபடி நூல் பிசிறு வெட்டும் அடிமட்ட வேலையிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. அருமையான சட்டம். ஆனால் தனியார் துறை அப்பாவுக்கு ஒரு நாள்கூடக் கட்டாயம் இல்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலை செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர். அவர்களும் 97 நிமிடம்தான்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால், காப்பகச் செலவை இரண்டு சம்பளத்தையும் கூட்டி அதில் கழித்துப் பாருங்கள். யார் நிற்பது என்பதை அதற்கப்புறம் பேசுங்கள்.