சாவி யார் கையில் இருந்தது என்பதைப் பாருங்கள்

‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’ (1959) படத்தில் வங்கிக் கொள்ளை தோற்பதற்குப் போலீஸ்தான் காரணம், இனவெறி கதையில் வெறும் ஒட்டு என்ற உங்கள் கருத்து சரியல்ல. கொள்ளையர் மூவரின் திட்டத்தைக் கவிழ்ப்பது தப்பிச் செல்லவிருந்த காரின் சாவி; கறுப்பரான இங்க்ராமை நம்ப மறுக்கும் வெள்ளையன் ஸ்லேட்டர் அதை மூன்றாமவரான முதியவர் பர்க்கிடம் கொடுத்துவிடுகிறான். பர்க் வங்கி வாசலில் சுடப்பட்டு விழும்போது, மற்ற இருவருக்கும் தப்பும் வழியே அடைபட்டுவிடுகிறது.

இறுதியில் எண்ணெய்த் தொட்டிகள் வெடிக்கும் பேரோசையில் இந்தச் சிறு பொருள் உங்கள் நினைவிலிருந்து நழுவியிருக்கலாம்.

வங்கியில் இரவில் வேலை செய்பவர்களுக்குக் காப்பியும் சாண்ட்விச்சும் கொண்டுவரும் கறுப்பின ஊழியருக்குப் பதிலாக இங்க்ராம் போய் நிற்பதுதான் திட்டம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, கார்ச்சாவி பற்றிய வாக்குவாதத்திலிருந்து மறுபடி பாருங்கள்: எவருடைய நிறத்தை நம்பித் திட்டம் தீட்டினார்களோ, அவரிடமே சாவியைத் தர மனம் வரவில்லை. ஸ்லேட்டர், இங்க்ராம் இருவரின் கருகிய உடல்களில் யார் எவர் என்று அடையாளம் காண முடியாமல் நிற்கும் கடைசிக் காட்சி, எனக்குக் கொஞ்சம் உரக்கச் சொன்னதாகவே படுகிறது. சாவிக் காட்சியின் நுட்பம் அதில் இல்லை.

ஆனால் இதை வைத்து வில்லியம் மெக்கிவர்னின் மூல நாவலை எடைபோட வேண்டாம், அங்கே ஸ்லேட்டருக்கும் இங்க்ராமுக்கும் இடையே நெருக்கம் வளர்கிறது. நாற்பதுகளின் நுவார் படங்களுக்கும் (இருண்ட தொனியுள்ள அமெரிக்கக் குற்றப் படங்கள்) இதைப் பொதுவாக்க முடியாது. அவற்றில் கறுப்பர்கள் பெரும்பாலும் சுமைதூக்குபவர்களாகவும் வேலைக்காரர்களாகவும் இசைக்கலைஞர்களாகவும் ஓரத்தில் வந்துபோகிறார்கள்.