பரணில் கிடைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி

கேள்வி: கோபி பக்கம் எங்கள் ஊர். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தா காலத்து 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியும் பதினோரு தோட்டாக்களும் கிடைத்தன. லைசென்ஸ் புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது. இது என்ன துப்பாக்கி, என்ன விலை போகும்? பழங்காலப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாதவற்றுக்குத்தான் அது. தோட்டா போட்டால் வெடிக்கும் என்றால் நூறு வயதானாலும் லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தானாக முன்வந்து ஒப்படைத்தவர் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. மறைத்து வைத்து வெளியே தெரிந்தால்தான் வினை.

அதனால் நாளைக்கே காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: எப்போது கிடைத்தது, எத்தனை தோட்டா, 21-வது பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறேன் என்று. துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்லட்டும். லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமும் ஒப்படைக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஸ்டேஷன் அறையில் யார் எண்ணெய் போடப்போகிறார்கள்? ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் அதன் நிலைமையையும் எழுதி வாங்குங்கள்.

நீங்களே வைத்துக்கொள்ள ஆசையென்றால், 2016 ஆயுத விதிகளின் 25-வது விதிப்படி வாரிசு லைசென்ஸுக்குக் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடப் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் தயாராக இருக்கட்டும்.

சரி, விலை. டீலர் குழலைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் பார்ப்பார். ‘நைட்ரோ புரூஃப்’ என்று பொறித்திருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த குழல். குழல் முழுக்கச் சுருள் சுருளாக வரி ஓடினால் டமாஸ்கஸ், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல். பார்க்க அழகு, இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் ஆபத்து. வாங்குபவரும் லைசென்ஸ்காரராக இருக்க வேண்டும் என்பதால் வெளிநாட்டு ஏல விலையை மனதில் வைக்காதீர்கள். நூறு வருடம் தாண்டியிருந்தால் 1972 தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

தோட்டாவுக்கு விலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. காகிதக் கூடு ஈரத்தில் ஊதியிருக்கும். சுட்டுப் பார்ப்பதோ கிணற்றில் போடுவதோ வேண்டாம். பதினொன்றையும் எண்ணி ஒப்படையுங்கள்.

ஒன்று மட்டும்: லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், கடிதம் கொடுக்கும் முன் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.